பாஸ்டன் கிங்: அடிமை, அகதி, குடியேறி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா வரலாறு பற்றிப் பேச்சு வந்தால், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் ஓடிவந்து, கறுப்பின லாயலிஸ்டாகக் கனடா போன பாஸ்டன் கிங் கதையைத்தான் நான் எடுப்பேன். கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

லாயலிஸ்ட்னா யாரு? சொந்த நாட்டு விடுதலைக்கு எதிரா வெள்ளைக்காரன் பக்கம் நின்னவங்களா?

வட அமெரிக்காவில் இருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1775-இல் ஆயுதம் எடுத்து, 1776-இல் விடுதலை அறிவித்தன. அப்போது மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பக்கமே நின்றவர்கள்தான் லாயலிஸ்டுகள், அதாவது மன்னர் விசுவாசிகள். நம்மூர் 1947-ஐ வைத்து இதைப் பார்க்க வேண்டாம். இங்கே இரண்டு பக்கமும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான், ஒரே தெருவில், ஒரே வீட்டில் பிரிந்து நின்றவர்கள்.

1783-இல் போர் முடிந்ததும் தோற்ற பக்கத்தவர் சுமார் 60,000 பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பாதிக்கும் மேல் இன்றைய கனடாவின் கிழக்குக் கரைக்குப் போனார்கள். அவர்களில் சுமார் 3,000 பேர் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். பாஸ்டன் கிங் அவர்களில் ஒருவர்.

பேர்லயே கிங் இருக்கே, பெரிய குடும்பமா? பாஸ்டன் ஊர்க்காரரா?

இரண்டும் இல்லை. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரிலிருந்து 28 மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் 1760 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். தோட்டத்தின் சொந்தக்காரர் ரிச்சர்ட் வேரிங். அடிமைகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது அப்போது சகஜம்.

அவரைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைத்தார். மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்காக லண்டனில் வந்த மெத்தடிஸ்ட் மேகசின் 1798-இல் அதைத் தொடராக வெளியிட்டது. கீழே வரும் பெரும்பாலான தகவல்கள் அதிலிருந்துதான். அதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அடிமைக்கு ஏது குடும்ப வரலாறு? அப்பா அம்மா யாருன்னாவது தெரியுமா?

தெரியும். அப்பா சின்ன வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்டவர். தோட்டத்தில் பல வருடம் கங்காணியாக இருந்தார். நம் ஆட்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டத்துக்குப் போன கதை தெரிந்தவர்களுக்கு அந்த வேலை என்ன என்று விளக்க வேண்டாம். ஒரே வித்தியாசம், இந்தக் கங்காணியும் அடிமைதான். வயதான பிறகு அரவை ஆலை வேலைக்கு மாற்றினார்கள். முதலாளிக்குப் பிடித்தமானவர், பக்தியுள்ளவர் என்று மகன் எழுதுகிறார். அம்மா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். பச்சிலை வைத்தியம் தெரியும். அதை அந்த மண்ணின் பூர்வகுடி மக்களிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று ஒரு வரி வருகிறது. தோட்டத்து ஆட்களுக்குத் துணி தைத்ததும் அவர்தான்.

அப்பாவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. எந்த ஊர், எந்த மொழி, தாத்தா யார், எதுவும் இல்லை. இந்த வகைக் குடும்ப வரலாறுகள் எல்லாமே ஒரு கப்பலோடு முட்டி நின்றுவிடும்.

அவர் ஓடிப்போனது மன்னர் மேல இருந்த விசுவாசத்தாலயா?

இல்லை. ஒரு குதிரையால்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 16 வயதில் அவரை ஒரு தச்சரிடம் வேலை கற்க விட்டார்கள். போர்க்காலம், ஆணி கிடைப்பது அரிது. பட்டறையில் ஆணி காணாமல் போனால் பழி இவர் மேல் விழும். ஒருமுறை அடித்த அடியில் மூன்று வாரம் எழுந்து வேலை செய்ய முடியவில்லை. அப்புறம் பிரிட்டிஷ் படை சார்ல்ஸ்டனைப் பிடித்த சமயத்தில், பெற்றோரைப் பார்க்க ஒரு குதிரையை இரவல் வாங்கிப் போனார். கூட இருந்த இன்னொரு வேலையாள் அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்ச் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. குதிரை இல்லாமல் திரும்பினால் என்ன நடக்கும் என்று தெரியும். நேராகப் பிரிட்டிஷ் படையிடம் போய்விட்டார்.

அந்தப் பக்கம் ஒரு வாக்குறுதியும் இருந்தது. பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டன் 1779 ஜூன் 30 அன்று பிலிப்ஸ்பர்க்கிலிருந்து ஓர் அறிவிப்பு விட்டார்: கிளர்ச்சிக்கார முதலாளியை விட்டு வரும் அடிமைக்குப் பாதுகாப்பு உண்டு. மன்னர் விசுவாசியின் அடிமைக்கு அது இல்லை. நல்லெண்ணத்தைவிட எதிரியின் ஆள்பலத்தைக் குறைக்கும் கணக்குத்தான் அதில் அதிகம். கிங்குக்கும் அது புரிந்திருக்கும். அதுவரை தான் அறியாத விடுதலையின் சந்தோஷத்தை அங்கே உணர ஆரம்பித்ததாக எழுதுகிறார். சொந்தபந்தத்தை விட்டு அந்நியர் நடுவில் வாழ நேர்ந்த துக்கத்தையும் அதே மூச்சில் சொல்கிறார். மன்னரைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

பிரிட்டிஷ்காரங்க நல்லா வெச்சிருந்தாங்களா?

பாதிக்குப் பாதி. வந்த கொஞ்ச நாளிலேயே பெரியம்மை. படைக்குத் தொற்றக்கூடாது என்று நோய் கண்ட கறுப்பினத்தவர்களை முகாமிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். சில நேரம் நாள் முழுக்கச் சோறு தண்ணீர் கிடையாது. நியூயார்க் தொண்டர் படையைச் சேர்ந்த ஒருவர் மட்டும் தேவையானதைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அதே மனிதர் போரில் காயப்பட்டபோது கிங் அவரைப் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு சம்பவம். நெல்சன்ஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் ஒரு சிறு பிரிட்டிஷ் படை மாட்டிக்கொண்டது. உதவி கேட்டு மாங்க்ஸ் கார்னருக்குக் கடிதம் கொண்டுபோக கிங்கை அனுப்பினார்கள். பிடிபட்டால் உயிர் போகும். போய்ச் சேர்த்தார், படையும் காப்பாற்றப்பட்டது. கிடைத்த கூலி மூன்று ஷில்லிங்கும் நிறைய இனிப்பான வாக்குறுதிகளும். இதை எழுதும்போது அவர் புலம்புவதில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தப் படைகளுக்குத் தெற்கே தலைவராக இருந்தவர் கார்ன்வாலிஸ். ஆமாம், நாம் பள்ளியில் படித்த அதே கார்ன்வாலிஸ்தான். 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்துவிட்டு, 1786-இல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு போர் செய்தவர்.

மனைவி யாரு? எங்க கல்யாணம் ஆச்சு?

ஒரு போர்க்கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தார். அது போர் முடியும்வரை பிரிட்டிஷ் கையில் இருந்த நகரம். கருவிகள் இல்லாததால் தச்சு வேலை செய்ய முடியாமல் வீட்டு வேலைக்குப் போனார். சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அங்கேதான் வயலட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் வட கரோலினாவின் வில்மிங்டனிலிருந்து தப்பி வந்தவர், கிங்கைவிட 12 வயது மூத்தவர்.

நடுவுல மறுபடியும் பிடிபட்டுட்டார்னு கேள்விப்பட்டேனே?

கப்பல்களுக்கு வழிகாட்டும் படகொன்றில் வேலைக்குப் போனார். கடலில் சாப்பாடு தீர்ந்துபோன நிலையில் அமெரிக்கப் படகு ஒன்று அவர்களைப் பிடித்து, நியூ ஜெர்சியில் நியூ பிரன்ஸ்விக்குக்குக் கொண்டுபோய் மறுபடி அடிமையாக்கியது. அங்கே சாப்பாடு நன்றாகவே கிடைத்தது, படிக்கக்கூட வழி இருந்தது என்கிறார். விடுதலை இல்லாமல் இவை எதுவும் தன்னைத் திருப்திப்படுத்தவில்லை என்றும் சொல்கிறார். தப்பி ஓடி மாட்டிய ஒரு பையனைக் குதிரை வாலில் கட்டி 12 மைல் இழுத்து வந்ததை அந்த ஊரில் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகும் கிளம்பினார். ஒரு ஞாயிறு இரவு ஒரு மணிக்கு, ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்து இறங்கி நடந்தார். காவலாளிகள் தங்களுக்குள் வாதாடிக்கொள்வது காதில் விழுந்தது. விடியும்வரை நடை, பகல் முழுக்கப் பதுங்கல், மறுபடி இரவு. ஸ்டேட்டன் தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு படகு கிடைத்தது. தீவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி அனுமதிச் சீட்டு கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்.

தோத்த பக்கம் அடிமைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கணும் இல்லையா? எப்படி விட்டாங்க?

சமாதான உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: பிரிட்டிஷ் படை வெளியேறும்போது நீக்ரோக்களையோ அமெரிக்கர்களின் வேறு சொத்துகளையோ எடுத்துப் போகக்கூடாது. செய்தி பரவியதும் நியூயார்க்கில் பீதி. பழைய முதலாளிகள் வர்ஜீனியாவிலிருந்தும் வட கரோலினாவிலிருந்தும் வந்து, தெருவில் போகிறவர்களைப் பிடித்தார்கள், படுக்கையிலிருந்துகூட இழுத்துப் போனார்கள். பல நாள் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை என்கிறார் கிங்.

காப்பாற்றியது பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கை கார்ல்டன் சொன்ன ஒரு வியாக்கியானம். எங்கள் அறிவிப்பை நம்பி, உடன்படிக்கைக்கு முன்பே எங்கள் பக்கம் வந்தவர்கள் அப்போதே விடுதலை பெற்றவர்கள், அவர்கள் உங்கள் சொத்தே அல்ல என்றார். 1783 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் சந்தித்துக் கேட்டும் கார்ல்டன் மசியவில்லை. வேண்டுமானால் போகிறவர்களின் பெயரை எழுதி வைக்கிறோம், நஷ்ட ஈட்டைப் பிறகு பேசலாம் என்றார். நஷ்ட ஈடு கடைசிவரை வரவில்லை. வாஷிங்டனுக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது: அவர் தோட்டத்து அடிமை ஹாரி வாஷிங்டனும் இப்படித் தப்பி வந்தவர். கிங் போன அதே கப்பலில் அவரும் போனார்.

அந்தப் பதிவேட்டுல இவங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கு?

நீக்ரோக்கள் பதிவேடு என்று அதற்குப் பெயர். 1783 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நியூயார்க்கிலிருந்து கிளம்பிய சுமார் 3,000 பேர் அதில் இருக்கிறார்கள். ஜூலை 31 தேதியில், லபோண்டான்ஸ் என்ற கப்பலின் பட்டியலில்: பாஸ்டன் கிங், 23 வயது, திடகாத்திரமான ஆள், முன்பு சார்ல்ஸ்டன் ரிச்சர்ட் வேரிங்கின் சொத்து, விட்டு வந்து 4 வருடம். வயலட் கிங், 35 வயது, அவரும் திடகாத்திரம், முன்பு வில்மிங்டன் கர்னல் யங்கின் சொத்து, விட்டு வந்து 3 வருடம். இரண்டு பேருக்கும் பிரிட்டிஷ் ஜெனரல் பிர்ச் கொடுத்த விடுதலைச் சான்றிதழ் உண்டு என்ற குறிப்போடு முடிகிறது.

மாட்டுச் சந்தைக் குறிப்பு போல இருக்கிறது என்று பலர் முகம் சுளிப்பார்கள். சரிதான், எழுதினவனுக்கு அது நஷ்ட ஈட்டுக் கணக்கு. ஆனால் இவர்களின் பெயர், வயது, புறப்பட்ட ஊர் மூன்றும் சேர்ந்து நிற்கும் அரசாங்கக் காகிதம் இதுதான்.

கனடா போனதும் நிலம் கொடுத்தாங்களா?

இறங்கிய இடம் கிழக்குக் கரையில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவின் ஷெல்பர்ன் துறைமுகம். பக்கத்திலேயே கறுப்பினத்தவர்களுக்கு பிர்ச்டவுன் என்ற ஊர், சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அந்தத் தளபதியின் பெயரில். 1784 கணக்கெடுப்பில் அங்கே 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் மிகப் பெரிய குடியிருப்புகளில் அது ஒன்று.

நிலம் எல்லோருக்கும் வாக்களிக்கப்பட்டது. முதலில் அளந்து கொடுத்தது வெள்ளைக்கார லாயலிஸ்டுகளுக்கு. பிர்ச்டவுன் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்குத்தான் பண்ணை நிலம் கிடைத்தது, அதுவும் பாறை. மற்றவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1784 ஜூலையில் வெள்ளைக்கார முன்னாள் சிப்பாய்கள் கலவரம் செய்து ஷெல்பர்னில் கறுப்பினத்தவர் வீடுகளை இடித்தார்கள். அதே நோவா ஸ்கோஷியாவுக்கு வெள்ளைக்கார லாயலிஸ்டுகள் தங்களோடு சுமார் 1,200 அடிமைகளைக் கொண்டுவந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பேரரசு அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் போட்டது 1833-இல்தான்.

பஞ்சம் வந்ததாமே, எப்படிப் பிழைச்சார்?

தச்சு வேலைதான் கை கொடுத்தது. அடி வாங்கிக் கற்ற அதே வேலை.

1780-களின் பிற்பகுதி. ஐந்து பவுண்டு மாவுக்காக நல்ல கவுனை விற்றார்கள். துணி தீர்ந்ததும் போர்வை. பிறகு சிலர் பசியில் தெருவிலேயே விழுந்து செத்தார்கள். நாய், பூனையையும் அடித்துத் தின்றார்கள். அப்போது ஒருவர் கிங்கிடம் ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்து, மறுநாள் ஆழமான பனியில் சுமந்து போனார். அந்த ஆள் இது வேண்டாம், வேறு மாதிரி வேண்டும் என்றுவிட்டார். திரும்பும் வழியில் பசியிலும் குளிரிலும் பலமுறை விழுந்து, அங்கேயே உயிர் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு பேருக்குமாக ஒரு பைண்ட் சோள மாவு.

இன்னொரு பெட்டி செய்தார். இதையும் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று, விற்பதற்காகத் தன் ரம்பத்தையும் கூட எடுத்துப் போனார். நல்ல வேளை, பெட்டிக்குக் கூலியாக மக்காச்சோளம் கிடைத்தது. முதல் பெட்டியை வேறொருவருக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றார். ரம்பமும் போனது, 3 ஷில்லிங் 9 பென்ஸுக்கு. அதை அவர் வாங்கியது ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங்குக்கு. ஒரு தச்சன் எந்த நிலையில் ரம்பத்தை விற்பான் என்று தச்சர் குடும்பத்தில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நிலைமை மெல்லத் திரும்பியது. சால்மன் மீன்பிடிக்கு மூன்று தட்டையடிப் படகுகள், ஒன்றுக்கு ஒரு பவுண்டு. அடுத்துத் தானே மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். அந்தக் குளிர்காலத்துக்கு வீட்டில் இருந்ததை ஆசையாகப் பட்டியல் போடுகிறார்: ஒரு பீப்பாய் மாவு, மூன்று புஷல் சோளம், ஒன்பது காலன் வெல்லப்பாகு, இரண்டு பீப்பாய் மீன், அவர் கடலில் இருந்தபோது வயலட் நட்டு வைத்த 20 புஷல் உருளைக்கிழங்கு. பிர்ச்டவுனில் தான் பார்த்த மிகச் சிறந்த குளிர்காலம் அதுதான் என்கிறார்.

நல்லா இருந்தவர் ஏன் ஆப்பிரிக்கா போனார்? சொந்த ஊர் ஏக்கமா?

அவர் ஆப்பிரிக்காவைப் பார்த்ததே இல்லை. பிர்ச்டவுனில் மோசஸ் வில்கின்சன் என்ற கண் பார்வையற்ற போதகரின் பிரசங்கத்தில் முதலில் மனம் மாறியது வயலட், பிறகு கிங். 1791-இல் ஹாலிஃபாக்ஸ் பக்கம் பிரஸ்டனில் மெத்தடிஸ்ட் சபைக்குப் போதகராக இருந்தார். வேலையும் வருமானமும் தட்டில்லை.

அந்தச் சமயத்தில், தாமஸ் பீட்டர்ஸ் என்ற முன்னாள் சிப்பாய் கறுப்பின லாயலிஸ்டுகளின் நிலக் குறையை லண்டன்வரை கொண்டுபோயிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் குடியேற்றம் நடத்திய பிரிட்டிஷ் நிறுவனமான சியரா லியோன் கம்பெனி அங்கே இலவச நிலம் தருவதாகச் சொல்லி, கடற்படை அதிகாரி ஜான் கிளார்க்சனை அனுப்பியது. நிலமில்லாதவர்கள் நிலத்துக்காகப் பெயர் கொடுத்தார்கள். கிங் போனது ஆப்பிரிக்க மக்களிடம் மதப் பிரசாரம் செய்ய. 1792 ஜனவரி 15 அன்று 15 கப்பல்களில் சுமார் 1,200 பேர் ஹாலிஃபாக்ஸிலிருந்து கிளம்பினார்கள். மார்ச்சில் கரை சேர்ந்து ஃப்ரீடவுனை உருவாக்கினார்கள். அதே மார்ச்சில்தான் மேலே சொன்ன கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் திப்புவிடமிருந்து வாங்கினார்.

வயலட் என்ன ஆனார்?

இறங்கிய சில வாரங்களில் காய்ச்சலில் இறந்துபோனார். கிங்கும் அதே காய்ச்சலில் படுத்து எழுந்தார். பிறகு மறுமணம் செய்துகொண்டார்.

ஆப்பிரிக்காவுல இவங்களே அடுத்தவன் நிலத்துல குடியேறினவங்க ஆகிட்டாங்களே?

ஆமாம். இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஃப்ரீடவுன் இருப்பது தெம்னே மக்களின் நிலம். நோவா ஸ்கோஷியாவும் மிக்மாக் மக்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்காத நிலம்தான். விரட்டப்பட்டவர்களை ஒரு பேரரசு குடியமர்த்தும்போது, அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ இருப்பார்கள்.

ஆனால் இவர்கள் அங்கேயும் எஜமானர்கள் ஆகவில்லை. கிளார்க்சன் வாடகை இல்லை என்றார். கம்பெனி நில வரி கேட்டது. 1800-இல் ஒரு பகுதியினர் கிளர்ச்சி செய்தார்கள். ஜமைக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அப்போதுதான் வந்து இறங்கிய மரூன்களை (அடிமைத்தனத்திலிருந்து தப்பித் தனியாக வாழ்ந்த கறுப்பினத்தவர்) வைத்துக் கம்பெனி அதை அடக்கியது. கிளர்ச்சிக்காக நாடு கடத்தப்பட்டவர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். அமெரிக்காவின் வாஷிங்டனிடமிருந்து தப்பியவர், பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கிளர்ச்சிக்காரர் ஆனார்.

அப்ப இவரை லாயலிஸ்ட்னு சொல்றதே தப்பா?

தப்பில்லை, அரசாங்கம் வைத்த பெயர் அது. கார்ல்டன் பிறகு டார்செஸ்டர் பிரபு என்ற பெயரில் கனடாவை ஆண்டபோது, 1789-இல் லாயலிஸ்டுகளின் வாரிசுகளுக்குத் தனி மரியாதை கொடுக்க உத்தரவு போட்டார். இன்றும் பெயருக்குப் பின்னால் யு.ஈ. (பேரரசின் ஒற்றுமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. என் கணிப்பில் கிங் ஒரு வாக்குறுதிக்கு விசுவாசமாக இருந்தார். அதைக் கொடுத்தவர்கள் பாதிதான் காப்பாற்றினார்கள். மீதியை அவர் தச்சு வேலையில் சம்பாதித்துக்கொண்டார்.

அவர் எழுதினதை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும். 1794-இல் கம்பெனி அவரை இங்கிலாந்துக்கு அனுப்ப, பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட் பள்ளியில் இரண்டு வருடம் படித்தார். அங்கே எழுதியதுதான் இது. படிக்கப்போகிறவர்கள் மெத்தடிஸ்டுகள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தப்பித்தலும் கடவுள் செயல், வெள்ளைக்காரர் மேல் இருந்த கசப்பும் கடைசியில் கரைந்துவிடுகிறது. அந்தப் பகுதிகளைக் கொஞ்சம் தள்ளி நின்று படிக்க வேண்டும்.

ஊர், முதலாளி, மனைவி எல்லாம் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன. ஒரு சின்ன முரண்: 1783-இல் 4 வருடம் என்றால் ஓடிவந்தது 1779, ஆனால் சார்ல்ஸ்டன் பிரிட்டிஷ் கைக்குப் போனது 1780 மேயில். எழுத்தர் முழு வருடமாகப் போட்டிருக்கலாம். எப்படியும் உடன்படிக்கைக்கு முந்தைய தேதி என்பதால் கார்ல்டனின் விதிக்கு இது பாதகமில்லை.

இந்த வம்சாவளியை இப்ப தேட முடியுமா? போய்ப் பார்க்க ஏதாவது இருக்கா?

கிங் 1802-இல் ஃப்ரீடவுனுக்குத் தெற்கே ஷெர்ப்ரோ மக்களிடையே போதகராக இருந்தபோது காலமானார். நோவா ஸ்கோஷியாவிலிருந்து போனவர்களும் மரூன்களும் பின்னால் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களும் கலந்து உருவான சமூகம்தான் இன்றைய கிரியோ மக்கள். 1792-இல் வந்து இறங்கியவர்கள் கூடிப் பிரார்த்தித்ததாகச் சொல்லப்படும் ஃப்ரீடவுன் இலவ மரம் 2023 மே மாதப் புயலில் விழுந்துவிட்டது.

பிர்ச்டவுனில் கறுப்பின லாயலிஸ்ட் பாரம்பரிய மையம் இருக்கிறது. பழைய அலுவலகத்தை 2006-இல் யாரோ தீ வைத்து எரித்தார்கள், குடும்ப ஆவணங்கள் பல போயின. புதிய கட்டடம் 2015-இல் திறந்தது. பதிவேட்டை நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது, காசு கட்ட வேண்டாம். தேடும்போது கப்பல் பெயரையும் பழைய முதலாளியின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஆளின் பெயரை மட்டும் போட்டால் பல சமயம் கிடைக்காது.